பல் டாக்டரின் வில்

அந்த மரப்பெட்டியைப் பல் டாக்டர் வாங்கியதற்கு முழுக் காரணம் கர்வம்தான். பழைய சாமான் கடைக்காரர் பெட்டியைத் திறந்து காட்டி, "டாக்டர், இது உங்க தொழில் சாமான். அந்தக் காலத்துப் பல் டாக்டர் ஒருத்தரோடது. விவரம் தெரிஞ்சவங்க கைக்குத்தான் போகணும்னு ஒதுக்கி வச்சிருந்தேன்" என்றார். டாக்டருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. விவரம் தெரிந்தவர் என்று அவரை யாராவது சொல்லி வெகுகாலம் ஆகியிருந்தது. வீட்டில் அப்படிச் சொல்லும் வழக்கமே இல்லை.

பெட்டிக்குள் பச்சைத் துணி விரித்த குழிகளில் பித்தளையும் எஃகுமாக என்னென்னவோ படுத்திருந்தன. ஊசி மூக்கு இடுக்கிகள். எட்டு என்ற எண்ணைப் போல வளைந்த ஓர் அளவுகோல். கைப்பிடி வைத்த குட்டி உருளை. தீக்குச்சியைவிடக் கொஞ்சம் தடித்த உளிகள். ஒரு தண்டின் மேல் இரண்டு கூர்முனைகள் சண்டைக்காரர்கள் மாதிரி எதிரெதிரே முறைத்துக்கொண்டு நிற்கும் ஒரு கருவி. எல்லாவற்றுக்கும் மேலே, நாண் அறுந்து தொங்கும் ஒரு சின்ன வில். குழந்தைகள் விளையாடும் வில்லைவிடச் சிறியது.

இது எதற்கு, அது எதற்கு என்று யாரையாவது கேட்டிருக்கலாம். ஆனால் படித்துப் பட்டம் வாங்கிய மனிதர் அப்படியெல்லாம் கேட்டுவிடுவாரா? கிளினிக்கின் காத்திருக்கும் அறையில் கண்ணாடிப் பெட்டி ஒன்றை மாட்டி, உள்ளே கருவிகளை அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் கீழே தன் கையாலேயே அழகாகப் பெயர் எழுதி ஒட்டினார். எட்டு வடிவ அளவுகோலுக்கு 'கடைவாய்ப் பல்லின் பருமன் அளப்பது'. கைப்பிடி உருளைக்கு 'வேரைச் சுருட்டி எடுப்பது'. உளிகளுக்கு 'ஈறு கீறுவது'. வில்லுக்கு மட்டும் வெகுநேரம் யோசித்து, 'துளை போடும் கருவியைச் சுழற்றும் வில்' என்று எழுதினார்.

இரண்டே நாளில் வரவேற்பில் இருக்கும் பெண் வந்து நின்றாள்.

"சார், அந்தக் கண்ணாடிப் பெட்டியை எடுத்துடலாமா?"

"ஏம்மா?"

"காலையில வந்தவங்க எல்லாம் அதைப் படிச்சுட்டு, வலி நின்னு போச்சுன்னு எழுந்து போயிட்டாங்க."

டாக்டர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அன்று மதியம் ஒரு தலைமையாசிரியை வந்தார். வாய் நிறையப் பஞ்சு அடைத்து நாற்காலியில் சாய்த்திருந்தபோது, அவர் திறந்திருந்த கதவு வழியாகக் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தார். பார்த்ததும் விரலை நீட்டி ஏதோ முனகினார்.

"பேசக் கூடாதும்மா" என்றார் டாக்டர்.

அவர் மறுபடியும் முனகினார். விரல் இன்னும் வேகமாக ஆடியது.

"பயப்படாதீங்க. அதையெல்லாம் இப்ப யாரும் பயன்படுத்துறதில்ல."

தலைமையாசிரியை பஞ்சைத் தானே பிடுங்கி எறிந்தார். "அது எதுவுமே பல்லுக்கு இல்ல, டாக்டர்! வாட்ச் ரிப்பேர் பண்ற சாமான். எங்க அண்ணன் வீட்ல ஒரு ரூம் முழுக்க வச்சிருக்கான். வேரைச் சுருட்டுறதுன்னு எழுதியிருக்கீங்களே, அது மெயின் ஸ்பிரிங்கைச் சுருட்டி வாட்ச்சுக்குள்ள போடுறது!" அத்தோடு விட்டாரா? போகும்போது கைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, கண்ணாடிப் பெட்டியைத் திறக்கச் சொல்லி, ஒவ்வொரு பெயராக அடித்துக்கொண்டே வந்தார். வில்லுக்கு வந்ததும் கொஞ்சம் தயங்கினார். "சுழற்றும்னு எழுதினது சரி. இதுக்கு மட்டும் பாதி மார்க்."

டாக்டர் வீட்டுக்குப் போவதற்குள் செய்தி போய்விட்டது. வரவேற்புப் பெண்ணுக்கும் டாக்டரின் மனைவிக்கும் தினசரி ஃபோன் பேச்சு உண்டு. மனைவி வக்கீல். செருப்பைக் கழற்றுவதற்குள் விசாரணை ஆரம்பமாகிவிட்டது.

"என்ன சாமான்னு தெரியாம வாங்கினீங்க. சரியா?"

"சரி."

"தெரியாமலே பேரும் எழுதி ஒட்டினீங்க. அதையும் ஒத்துக்கிறீங்களா?"

"ஒத்துக்கிறேன்."

"எனக்கு வேற கேள்வி இல்ல."

முன்னறை நாற்காலியில் இருந்த மாமனார் சட்டைப்பையில் கையை விட்டு, சங்கிலி கோத்த பாக்கெட் வாட்ச்சை எடுத்தார். மூடி 'டக்' என்று திறந்தது. "எட்டு ஏழு" என்றார். மூடி 'டக்' என்று மூடியது. அவ்வளவுதான். ஆனால் அந்த இரண்டு 'டக்'குக்கும் நடுவில் மருமகனை நிற்கவைத்துத் தோலை உரித்துவிடுவார்.

மாமனார் பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்தவர். அவர் விசில் ஊதாமல் ஒரு சக்கரம் உருண்டதில்லை. ஓய்வு பெற்று, மனைவியும் போய்ச் சேர்ந்த பிறகு மகள் வீட்டு முன்னறைக்கு வந்தார். விசிலை டிப்போவில் ஒப்படைத்துவிட்டாரே தவிர டிப்போவைக் கூடவே கொண்டுவந்துவிட்டார். இரவுச் சாப்பாடு எட்டு மணிக்கு. பல்வலிக்காரர்கள் வருவதோ கிளினிக்கை மூடப் போகும் நேரம் பார்த்துத்தான். டாக்டர் கல்யாணத்தன்று மணமேடைக்கே தாமதமாக வந்தவர், அதற்குப் பிறகும் திருந்தவில்லை என்பது மாமனாரின் தீர்ப்பு. மச்சான், அதாவது மனைவியின் தம்பி, பக்கத்துத் தெருவில் இருந்தான். வேறு ஒரு சாமர்த்தியமும் இல்லாத பிறவி, ஆனால் சொன்ன நேரத்துக்கு வந்து நிற்பான். "என் பையன் பாருங்க" என்பார் மாமனார். டாக்டர் மென்று விழுங்குவார்.

வெளியே சொல்ல வெட்கப்பட்டாலும் டாக்டரின் ஆசை சின்னதுதான். மாமனார் வாயிலிருந்து ஒரே ஒரு நல்ல வார்த்தை. அதுவும் மச்சான் காதுபட. ஊரில் இருக்கிற பல்லையெல்லாம் சரிசெய்தும் கிடைக்காத அந்த வார்த்தை, இந்தப் பெட்டியால் கிடைக்கலாம் என்று அன்றிரவு அவருக்குத் தோன்றியது. அந்த வாட்ச்சைத் திறந்து, துடைத்து, எண்ணெய் போட்டு, பளபளவென்று மாமனார் கையில் கொடுத்தால்?

"மாமா, உங்க வாட்ச்சை ஒரு நாள் குடுங்களேன். சர்வீஸ் பண்ணித் தர்றேன்."

மாமனார் வாட்ச்சைப் பொத்திப் பிடித்துக்கொண்டார். "முதல்ல அந்தச் சாமானுக்கெல்லாம் ஒழுங்காப் பேர் கத்துக்கிட்டு வாங்க, மாப்பிள்ளை."

கற்றுக்கொள்வது என்று இறங்கிவிட்டார் டாக்டர். தலைமையாசிரியையிடம் கெஞ்சி அவர் அண்ணனின் நம்பரை வாங்கினார். தங்கையே அவரை வாட்ச் பைத்தியம் என்றுதான் சொன்னார். ஒவ்வொரு கருவியாகப் படம் எடுத்து, இது இதற்குத்தானே என்று கேட்டு அனுப்புவார். வாட்ச் பைத்தியம் சிக்கனமான மனிதர். 'இல்லை' என்று ஒரு சொல் வரும். இன்னொரு யோசனை அனுப்பினால் இன்னொரு 'இல்லை'. எட்டு வடிவ அளவுகோலை மட்டும் நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்தார். கடைசியில், ஒரு பக்கம் சக்கரத்தின் அச்சைப் பிடித்துக்கொண்டு மறுபக்கம் அது கோணலாகச் சுற்றுகிறதா என்று பார்ப்பது என எழுதி அனுப்பியதும் 'ஆமாம்' வந்தது. அந்த 'ஆமாம்' வந்த நேரத்தில் டாக்டரின் நாற்காலியில் ஒருவர் வாயைத் திறந்தபடி காத்திருந்தார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. டாக்டர் கை கொடுத்ததால் அவரும் குலுக்கினார்.

பெயர் தெரிந்தால் போதுமா, கை பழக வேண்டாமா? சந்தையில் ஓடாத அலாரம் கடிகாரங்களை அள்ளிக்கொண்டு வந்தார். தொழில் பழக்கம் பொல்லாதது. தூசியைப் பார்த்தால் ஊதும் காற்றுக்குழாயை எடுத்துவிடுவார். ஒரு ஊது ஊதியதில் ஒரு கடிகாரத்தின் பாதி ஸ்குரூ கண்காணாமல் போனது. ஸ்பிரிங்கை உருளையில் சுற்றாமல் விரலால் அடக்கப் பார்த்ததில், அது துள்ளிப் போய் வரவேற்புப் பெண்ணின் டீயில் விழுந்தது. "சார், நான் லீவு எடுத்துக்கட்டுமா?" என்றாள் அவள்.

முறைத்துக்கொண்டு நின்ற கூர்முனைக் கருவி ஒரு குட்டிக் கடைசல் இயந்திரம் என்று தெரிந்ததும்தான் வில்லின் ரகசியம் விளங்கியது. இரண்டு முனைகளுக்கும் நடுவில் எஃகுத் துண்டை நிறுத்தி, வில்லின் நாணை அதன்மேல் ஒரு சுற்றுச் சுற்றி, ஒரு கையால் வில்லை மேலும் கீழும் இழுத்தால் துண்டு சுழலும். இன்னொரு கையில் உளி. வில் கீழே வரும்போது வெட்ட வேண்டும், மேலே போகும்போது உளியை எடுத்துவிட வேண்டும். அறுந்துபோன பழைய நாண் குதிரை முடி. குதிரைக்கு டாக்டர் எங்கே போவார்? பல்லிடுக்குச் சுத்தம் செய்யும் நூலை எடுத்துக் கட்டினார். மெழுகு பூசிய நூல் வழுக்கியது. மெழுகில்லாதது கச்சிதமாகப் பிடித்தது. வாட்ச் பைத்தியத்துக்குப் படம் அனுப்பினார். முதல் முறையாக நீளமான பதில் வந்தது: 'இது எனக்குத் தோன்றவில்லையே!'

நூல் கிடைத்துவிட்டது, கைதான் வரவில்லை. பல் குடையும் மெஷின் ஒரே பக்கமாகச் சுற்றுகிற நல்ல பிள்ளை. இது முன்னும் பின்னும் சுற்றுகிறது. உளியை எடுக்க வேண்டிய நேரத்தில் டாக்டர் அழுத்துவார். அழுத்த வேண்டிய நேரத்தில் எடுப்பார். 'டிக்' என்று முனை முறியும். குப்பைத்தொட்டியில் எஃகு முறிசல்கள் சேர்ந்தன.

இந்த நிலைமையில்தான் மாமனாருக்குக் கண் ஆபரேஷன் வந்தது. புரை. இரண்டு கண்ணிலும் இருந்தது, முதலில் ஒன்று. ஆஸ்பத்திரியில் நர்ஸ் மோதிரம், சங்கிலி எல்லாம் கழற்றச் சொன்னார். வாட்ச்சையும்தான். மகள் கோர்ட்டிலிருந்து இன்னும் வரவில்லை. கிழவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் மருமகன் உள்ளங்கையில் வைத்தார்.

"கையிலேயே வச்சிருங்க. திறக்கக் கூடாது. காதுல வைக்கக் கூடாது."

"காதுல எதுக்கு மாமா வைக்கப் போறேன்?"

கதவு மூடியதும் முதல் வேலையாகக் காதில் வைத்தார். சத்தமே இல்லை. குலுக்கினார், சத்தம் இல்லை. இத்தனை வருஷம் ஓடிய வாட்ச், தன் கைக்கு வந்து முழுசாக நாலு மூச்சு விடுவதற்குள் நின்றுவிட்டதா? இனி ஆயுசுக்கும் அந்த வீட்டில் தலை நிமிர முடியுமா? விடுவிடுவென்று போய்க் காரில் உட்கார்ந்து கதவைப் பூட்டிக்கொண்டார். மற்றவர்கள் பேனா வைத்துக்கொள்கிற பையில் அவர் இப்போது வாட்ச் மூடி திறக்கும் கத்தியும் கண்ணில் இடுக்கும் பூதக்கண்ணாடியும் வைத்திருந்தார். கைக்குட்டையை மடியில் விரித்து, பின்மூடியை நெம்பினார்.

உள்ளே அப்படியொரு தூசி. இப்படியும் அப்படியும் ஆடி வாட்ச்சை ஓட்டவேண்டிய பேலன்ஸ் சக்கரம் ஒருக்களித்துப் படுத்துக் கிடந்தது. அதன் அச்சின் மயிரளவு முனை முறிந்திருந்தது. கீழே விழுந்தால் முதலில் போவது அதுதான் என்று வாட்ச் பைத்தியம் சொல்லியிருக்கிறார். பூதக்கண்ணாடியை இன்னும் நெருக்கி முறிந்த இடத்தைப் பார்த்தார். கறுத்துத் துருப்பிடித்திருந்தது. நேற்று உடைந்த பல்லையும் எப்போதோ உடைந்த பல்லையும் பார்த்தவுடன் பிரிக்கத் தெரியாதவன் பல் டாக்டரா? இது பழைய முறிவு. வருஷக்கணக்கான முறிவு. முள் திருப்பும் திருகைத் தடவினார். அதன் வரிகள் தேய்ந்து வழுவழுவென்று இருந்தன. ஒரு நாளைக்குப் பத்துத் தரமாவது திருகினால்தான் அப்படித் தேயும்.

டாக்டருக்கு விஷயம் மெல்ல விளங்கியது. கிழவர் சுவர்க் கடிகாரத்தை ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வார். சட்டைப்பைக்குள் கையை விட்டு, உள்ளுக்குள்ளேயே திருகி முள்ளைச் சரிப்படுத்திக்கொண்டு, பிறகு வெளியே எடுத்து 'டக்' என்று திறப்பார். எட்டு ஏழு! எட்டுப் பத்து! செத்துப்போன வாட்ச்சை வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் இத்தனை திட்டு!

காருக்குள் தனியாக உட்கார்ந்து டாக்டர் சிரித்த சிரிப்பில் காவலாளி வந்து கண்ணாடியைத் தட்டினார். ஞாயிற்றுக்கிழமை மச்சான் வருவான். சாப்பாட்டு மேஜையில், எல்லாரும் இருக்கும்போது, 'மாமா, அந்த வாட்ச்சைக் கொஞ்சம் எல்லாருக்கும் காட்டுங்களேன்' என்று ஆரம்பிக்க வேண்டியதுதான். மீதிப் பேச்சையும் அங்கேயே தயார் செய்தார். திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் இன்னும் நன்றாக வந்தது.

ஆபரேஷன் முடிந்து ஒரு கண்ணில் கட்டோடு வெளியே வந்த மாமனார், வந்துசேர்ந்திருந்த மகளைக்கூடப் பார்க்காமல் முதலில் கையை நீட்டியது வாட்ச்சுக்குத்தான். "திறக்கலையே?"

"இல்ல மாமா" என்றார் டாக்டர், வாயெல்லாம் பல்லாக.

ஞாயிறு வந்தது. மாமனார் காலைச் சாப்பாடு முடிந்து, ஆஸ்பத்திரி மாத்திரையைப் போட்டுக்கொண்டு, நாற்காலியிலேயே அயர்ந்து தூங்கிவிட்டார். மச்சான் சொன்ன நேரத்துக்கு வந்து உட்கார்ந்திருந்தான். அவன் பேச்சுச் சத்தத்தில் விழித்துக்கொண்டவர், சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பினார். ஒரு கண்ணில் கட்டு, இன்னொரு கண்ணில் புரை. சுவர் மட்டும்தான் தெரிந்திருக்கும். கை சட்டைப்பைக்குள் போனது. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு 'டக்'.

"மணி ஒண்ணாச்சு. இன்னும் சாப்பாடு எடுத்து வைக்கலையா?"

மச்சான் வெடித்துச் சிரித்தான். "அப்பா, இப்பதானே டிபன் சாப்பிட்டீங்க! மணி பத்துகூட ஆகல."

"என்னடா பேசுறே? இது பொய் சொல்லுமா?"

"குடுங்க பாப்போம்." மச்சான் வாட்ச்சை வாங்கிக் காதில் வைத்தான். அவன் புருவம் ஏறியது. "அப்பா, இது ஓடவே இல்லையே! எத்தனை நாளா இப்படி இருக்கு?"

மாமனாரின் கட்டுப் போடாத கண் மகளைத் தேடியது, பிறகு மகனை, பிறகு தரையை. நீட்டிய கை வெறுங்கையாக அந்தரத்திலேயே நின்றது. டிப்போ முழுக்க அதட்டி ஆண்ட மனிதர், பரீட்சையில் பிட்டோடு பிடிபட்ட பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

டாக்டரின் நாக்கு நுனியில் அந்தப் பேச்சு முழுசாக இருந்தது. முதல் வாக்கியம் உதட்டுக்கே வந்துவிட்டது. கிழவரின் அந்தக் கையைப் பார்த்தார். பாவி மனம், சமயம் பார்த்துக் காலை வாரிவிட்டது.

"நான்தான், மச்சான்" என்றார் டாக்டர். "ஆஸ்பத்திரியில என்கிட்ட இருந்தப்ப கீழ போட்டுட்டேன். பயந்துக்கிட்டு மாமாகிட்ட சொல்லல."

மாமனாரின் ஒற்றைக் கண் மருமகன் மேல் வந்து நின்றது. நீண்ட நேரம் நின்றது. அதற்குள் என்னென்ன ஓடியதோ, பிறகு கிழவர் மார்பு நிறைய மூச்சு வாங்கினார்.

"அப்பவே நினைச்சேன்!" என்று ஆரம்பித்தார். "இவர் கையில குடுக்கும்போதே எனக்கு மனசு சொல்லிச்சு! திறக்காதீங்கன்னு சொன்னேன், காதுல வைக்காதீங்கன்னு சொன்னேன், கீழ போடாதீங்கன்னு ஒரு மனுஷன் தனியாச் சொல்லணுமா?" இப்படியே வெளுத்து வாங்கினார். கன்னத்தில் ரத்தம் ஏறியது. குரல் பழைய டிப்போ குரலானது. கல்யாணத்துக்குத் தாமதமாக வந்ததிலிருந்து கண்ணாடிப் பெட்டிவரை எதையும் விடவில்லை. மச்சான் ரசித்து ரசித்துத் தலையாட்டினான். "அத்தான், நீங்க பல்லோட நிறுத்திக்கிறதுதான் எல்லாருக்கும் நல்லது." டாக்டர் குனிந்த தலை நிமிரவில்லை. தன் ஆசையைத் தானே குழி தோண்டிப் புதைத்துவிட்டோமே என்று உள்ளே வலிக்கத்தான் செய்தது. ஆனால் கிழவரின் குரல் திரும்பி வந்தது அதைவிடச் சந்தோஷமாக இருந்தது.

கடைசியில் மாமனார் மகனிடமிருந்து வாட்ச்சைப் பிடுங்கி மருமகன் கையில் வைத்தார். "கெடுத்தவர் நீங்க. சரி பண்ணிக் குடுக்க வேண்டியதும் நீங்கதான்."

டாக்டர் சமையலறைக்குள் போனதும் மனைவி மட்டும் பின்னாலேயே வந்தார். "கீழ போட்டீங்களா?"

"போட்டேன்."

"எங்க?"

"கார்ல."

"நீங்க உட்கார்ந்திருந்தப்ப? மடியிலேருந்து மிதியடி மேல? அதுக்கே உடைஞ்சுபோச்சா?"

டாக்டர் விழித்தார். "எனக்கு வேற கேள்வி இல்ல" என்றார் மனைவி. அவருக்குப் பிடித்த மாதிரி ஏலக்காய் தட்டிப் போட்டு டீ வைத்துக் கொடுத்தார்.

மறுநாளிலிருந்து மாமனார் மத்தியான வேளையில் கிளினிக்குக்கு வர ஆரம்பித்தார். மேற்பார்வைக்காம். முறிந்த அச்சை அளந்து, அதே போல எஃகுக் கம்பியிலிருந்து புது அச்சு கடைய வேண்டும். டாக்டர் வில்லை இழுத்தார். 'டிக்'.

"என்ன சத்தம்?"

"முறிஞ்சது மாமா."

"இன்னொண்ணு எடுங்க."

'டிக்'. இன்னொன்று. 'டிக்'. நாலைந்து நாள் இதே கதை. மாமனாருக்கு டாக்டரின் கை சரியாகத் தெரியாவிட்டாலும் வில்லின் சத்தம் கேட்டது. பஸ் வரும் சத்தத்தை வைத்தே டிரைவர் யார் என்று சொன்னவர் அவர். ஒரு நாள் பொறுக்க முடியாமல் நாற்காலிக் கையைத் தட்டினார்.

"என்ன மாப்பிள்ளை இது, ஒரு சீரா இல்லையே! ஒரு இழுப்பு நீளம், ஒரு இழுப்பு குட்டை. எப்ப வெட்டணும், எப்ப விடணும்?"

"கீழ வர்றப்ப வெட்டணும். மேல போறப்ப விடணும்."

"நான் சொல்றேன், நீங்க இழுங்க. வெட்டு... விடு. வெட்டு... விடு."

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் இழுத்தார். வெட்டு, விடு. கிழவரின் விரல் நாற்காலிக் கையில் தாளம் தப்பாமல் விழுந்துகொண்டே இருந்தது. வெட்டு, விடு. யோசிப்பதை நிறுத்தியதும் கை தானாகவே பழகிக்கொண்டது. உளியின் நுனியிலிருந்து எஃகு, முடி மாதிரி சுருண்டு விழுந்தது. காத்திருக்கும் அறையில் இருந்தவர்கள் 'வெட்டு, விடு' என்று உள்ளேயிருந்து வரும் குரலைக் கேட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்றும் சிலருக்கு வலி நின்றுபோனது.

அச்சு வந்தது. முறியாமல் வந்தது. அதைச் சக்கரத்தில் பொருத்தி, இன்னொரு கருவியில் நிறுத்தி எந்தப் பக்கம் கனம் என்று பார்த்துச் சீராக்கி, வாட்ச்சுக்குள் இறக்கிய மத்தியானம், சக்கரம் ஒரு தடவை தயங்கியது. பிறகு ஆடத் தொடங்கியது. டாக்டர் வாட்ச்சைக் கொண்டுபோய் மாமனாரின் காதோரம் வைத்தார். கிழவர் அதை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டார். கிளினிக் நர்ஸும் வரவேற்புப் பெண்ணும் வந்து எட்டிப் பார்த்ததுகூட அவருக்குத் தெரியவில்லை. டாக்டர், நோயாளி காத்திருக்கிறார் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஆனால் ஒரு குறை இருந்தது. வாட்ச் மெதுவாக ஓடியது. காலையில் சரியாக வைத்தால் இரவுச் சாப்பாட்டுக்குள் ஏழெட்டு நிமிஷம் பின்தங்கிவிடும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கட்டு அவிழ்த்த புதுக் கண்ணோடு மேஜையில் உட்கார்ந்த மாமனார் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"இவர் கையில குடுக்கிற வரைக்கும் இந்த வாட்ச் ஒரு நிமிஷம் பின்தங்கினது கிடையாது. இப்பப் பாரு."

மச்சான் சிரித்தான். மனைவி தட்டைப் பார்த்துக்கொண்டார். டாக்டருக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது.

"என் தப்புதான் மாமா. குடுங்க, இன்னைக்கே சரி பண்ணிடறேன்."

நீட்டிய கையை மாமனார் பார்த்தார். வாட்ச்சைச் சங்கிலியோடு சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். "வேணாம். உங்களுக்கு வேற வேலை இருக்கும்."

தன்னை இனி வாட்ச் பக்கமே விடமாட்டார் போலிருக்கிறது என்று டாக்டருக்குச் சப்பென்று ஆனது.

திங்கட்கிழமை கடைசி நேரத்தில் ஒரு கடைவாய்ப் பல் வந்து சேர்ந்தது. பிடிவாதக்காரப் பல். அதைப் பிடுங்கிவிட்டு ஓட்டமும் நடையுமாக டாக்டர் வீட்டுக்குள் நுழைந்தபோது தட்டுகள் வைத்தாகிவிட்டது. சுவர்க் கடிகாரம் எட்டைத் தாண்டியிருந்தது. மாமனார் நிமிர்ந்தார். கை சட்டைப்பைக்குள் போனது. போன வேகத்தில் வெளியே வந்தது, உள்ளே எதையும் திருகவில்லை. 'டக்'. வாட்ச்சைப் புதுக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிதானமாகப் பார்த்தார்.

"சரியா எட்டு. மாப்பிள்ளை டயத்துக்கு வந்துட்டார். சோறு போடும்மா."

"அப்பா, சுவர்ல எட்டு ஏழு" என்றார் வக்கீல்.

"அது தப்பு" என்றார் டைம்கீப்பர். "என் மாப்பிள்ளை கையால சரி பண்ணின வாட்ச் இது. இதுதான் இந்த வீட்டுக்கு மணி."

டாக்டர் கை கழுவுகிறேன் என்று உள்ளே போனார். திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று. சோறு ஆறிக்கொண்டிருந்தது. அன்று அவரை யாரும் கூப்பிடவில்லை.